பள்ளி மதிப்பெண் கேட்கும் கட்டத்தை விண்ணப்பப் படிவத்தில் வைத்திருக்கலாமா?

நெடுவழி (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு நடுத்தர அளவிலான தொழிற்கூடத்தில் ஆள்சேர்ப்புப் பொறுப்பில் இருக்கிறேன். பல ஆண்டுகளாக மாற்றப்படாமல் இருந்த எங்கள் விண்ணப்பப் படிவத்தைத் திருத்தி எழுதும் வேலை இப்போது என்னிடம் வந்திருக்கிறது. அதன் முதற்பக்கத்திலேயே, பெயருக்கும் பிறந்த தேதிக்கும் அடுத்தபடியாக, பள்ளி இறுதித் தேர்வில் பெற்ற மொத்த மதிப்பெண்ணை எழுதுவதற்கான கட்டம் ஒன்று உண்டு. சென்ற வாரம் நாற்பத்தாறு வயதுடைய ஒருவர், இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கடைசல் இயந்திரத்தில் வேலை பார்த்தவர், அந்தக் கட்டத்துக்கு வந்ததும் பேனாவை வைத்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து வந்து, "இதைக் கட்டாயம் நிரப்ப வேண்டுமா?" என்று கேட்டார். அந்த எண்ணை இத்தனை ஆண்டுகளாக நாங்கள் எதற்குப் பயன்படுத்தி வந்தோம் என்பதே எனக்குத் தெரியாததால், அவருக்கு என்ன பதில் சொல்வதென்றும் தெரியவில்லை.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். பள்ளித் தேர்வில் வாங்கிய மதிப்பெண் பிற்கால வாழ்க்கையில் உண்மையாகவே எதையாவது தீர்மானிக்கிறதா, அல்லது என்னைப் போன்றவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால்தான் அதற்கு மதிப்பு நிலைத்திருக்கிறதா? ஆறுதல் மொழிகளை நான் எதிர்பார்க்கவில்லை. மதிப்பெண்ணில் ஒன்றுமே இல்லை என்று மேடையில் முழங்குகிறவர்கள், வீட்டுக்குப் போனதும் தம் பிள்ளைகளுக்கு மூன்று பாடத்துக்குத் தனிப்பயிற்சி வைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கடைசிவரிசை:

அந்தக் கட்டத்தைத் தயங்காமல் எடுத்துவிடுங்கள், ஐயா. நான் பள்ளி இறுதித் தேர்வில் இரண்டு பாடங்களில் தோற்றவன். இன்று மின்மோட்டார் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றை நடத்துகிறேன்; என்னிடம் ஒன்பது பேர் வேலை பார்க்கிறார்கள். கருகிப்போன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிற எவரும், சுருள் சுற்றத் தொடங்குவதற்கு முன்னால் உன் மதிப்பெண் பட்டியலைக் காட்டு என்று இதுவரை கேட்டதில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் முன்னோர் சும்மா சொல்லி வைக்கவில்லை.

பெரிய மனிதர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜான் கர்டன் என்ற உயிரியலாளர் இங்கிலாந்தின் ஈட்டன் பள்ளியில் படித்தபோது, உயிரியலில் தம் வகுப்பு நிலையிலிருந்த 250 மாணவர்களில் கடைசி இடத்தில் இருந்தார். அறிவியலாளராக வேண்டும் என்ற அவருடைய எண்ணம் நகைப்புக்குரியது என்று 1949ஆம் ஆண்டு அறிக்கையில் ஆசிரியர் எழுதினார். அதே கர்டன் 2012இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றார். கணித மேதை ராமானுஜன் கல்லூரித் தேர்வில் ஒருமுறைக்கு மேல் தோற்றவர். ஐன்ஸ்டைன் பள்ளியில் கணக்கில் தோற்றவர் என்பது ஊரறிந்த செய்தி. இவர்களுக்கு இல்லாத குறையா உங்கள் விண்ணப்பதாரருக்கு வந்துவிடப் போகிறது?

எண்ணோட்டம்:

கல்வி அளவீடு சார்ந்த புள்ளியியல் வேலையில் இருப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். முதலில் ஒரு திருத்தம். ஐன்ஸ்டைன் கணக்கில் தோற்றதே இல்லை. 1895இல், வழக்கமான வயதுக்கு இரண்டு ஆண்டுகள் குறைவாக இருந்தபோதே, சூரிக் தொழில்நுட்பக் கல்லூரியின் நுழைவுத் தேர்வை எழுதினார். கணிதத்திலும் இயற்பியலிலும் சிறப்பாகச் செய்தும் பிற பாடங்கள் காலை வாரிவிட்டன. மறு ஆண்டு அவர் பெற்ற பள்ளி இறுதிச் சான்றிதழில் இயற்கணிதத்துக்கும் வடிவகணிதத்துக்கும் 6 என்ற மதிப்பு இருக்கிறது. அங்கே 6 என்பதுதான் உச்ச மதிப்பு.

கர்டனுடைய கதை உண்மை. ஆனால் அதன் இரண்டாம் பாதியை யாரும் சொல்வதில்லை. பள்ளியில் உயிரியலைத் தொடர முடியாமற்போன அவருக்கு, பின்னர் ஓராண்டு முழுவதும் தனி ஆசிரியர் வைத்து அந்தப் பாடத்தைக் கற்பிக்கும் அளவுக்குப் பெற்றோரிடம் வசதி இருந்தது. ராமானுஜன் கதையோ மதிப்பெண் எவ்வளவு பொருட்டாகிறது என்பதற்குத்தான் சான்று. கணிதம் தவிர்த்த பாடங்களில் தோற்றதால் உதவித்தொகை பறிபோயிற்று, பட்டம் கிடைக்கவில்லை, 1912இல் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குத் துறைமுக அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் 1913ஆம் ஆண்டுக்கு உரியது. இடைப்பட்ட அந்த ஆண்டுகளை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது எது என்று கேட்டுப் பாருங்கள். தோற்றும் வென்றவர்களை மட்டும் எண்ணினால் கணக்கு தவறாகிவிடும், ஏனென்றால் தோற்று அப்படியே நின்றுபோனவர்களின் பெயர் நமக்குத் தெரிவதற்கு வழியே இல்லை.

இனி நெடுவழி அவர்களின் கேள்விக்கு வருகிறேன். கல்வி மதிப்பெண்ணும் வேலைத்திறனும் எவ்வளவு ஒட்டி நடக்கின்றன என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ராத் குழுவினரின் கட்டுரை 1996இல் வெளிவந்தது. அவர்கள் கண்ட ஒட்டுறவுக் கெழு 0.16 (உறவே இல்லை என்றால் 0, முழுதும் ஒட்டி நடந்தால் 1). அளவீட்டுப் பிழைகளுக்கும், குறைந்த மதிப்பெண்காரர்கள் பலர் வேலைக்கே வந்து சேராததற்கும் ஈடுசெய்து கணக்கிட்டால் அது 0.3ஐத் தாண்டுகிறது. ஒன்றுமில்லை என்று தள்ளவும் முடியாது, இதை வைத்து ஒருவரைத் தீர்மானிக்கவும் முடியாது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், படிப்பு முடிந்த ஓராண்டுக்குள் இந்த உறவு வலுவாக இருக்கிறது. ஆண்டுகள் செல்லச்செல்லத் தேய்ந்துவிடுகிறது. அதுவும் பெரும்பாலும் கல்லூரி மதிப்பெண்ணைப் பற்றிய கணக்கு; பள்ளி மதிப்பெண் அதைவிடவும் பின்னால் நிற்பது. கூகுள் நிறுவனத்தின் மனிதவளத் துறைத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் 2013இல் ஒரு நாளிதழ் நேர்காணலில் இதையே தம் நிறுவனத் தரவுகளை வைத்துச் சொன்னார்: புதிதாகப் படித்து வருபவர்களிடம் மட்டும் மதிப்பெண்ணுக்குச் சிறிதளவு தொடர்பு இருக்கிறது, இரண்டு மூன்று ஆண்டுகள் கடந்தபின் எதையும் காட்டுவதில்லை. உங்கள் நாற்பத்தாறு வயதுக்காரரிடம் இருபத்தெட்டு ஆண்டுகள் பழைய எண்ணைக் கேட்பது, நேற்றைய மழைக்கு இன்று குடை பிடிப்பது போன்றது.

தாள்திருத்தி:

முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் மொழிப்பாடம் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். பொதுத் தேர்வு விடைத்தாள்களை ஆண்டுதோறும் கட்டுக்கட்டாகத் திருத்தியிருக்கிறேன். அந்த எண் எங்கே, எப்படிப் பிறக்கிறது என்பதைப் பற்றி இங்கு யாரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன்.

கட்டுரை வினாவுக்கு விடைக்குறிப்பு இருக்கும். ஆனால் குறிப்பில் உள்ள கருத்து எல்லாம் இருந்தும் நடை தட்டையாக இருக்கும் ஒரு விடைக்கும், கருத்து ஒன்று குறைந்தும் படிக்கப் படிக்க நிமிர வைக்கும் ஒரு விடைக்கும் எத்தனை மதிப்பெண் என்பதைக் குறிப்பு சொல்லாது, கை சொல்லும். காலையில் முதல் பத்துத் தாள்களைத் திருத்தும் கையும், மாலையில் கடைசிப் பத்தைத் திருத்தும் கையும் ஒன்றல்ல. மிகச் சிறப்பாக எழுதப்பட்ட ஒரு தாளுக்கு அடுத்ததாக வருகிற சராசரித் தாள் பாவப்பட்டது. ஒருமுறை நான் திருத்தி முடித்த கட்டில் ஒரு தாளின் முகப்பில் மதிப்பெண் ஏற்றாமல் விட்டுவிட்டேன் என்று நினைத்து, உள்ளே இருந்த குறிகளைப் பார்க்காமலே மறுபடி படித்து மதிப்பிட்டேன். பிறகுதான் முதல் மதிப்பீடு வேறொரு பக்கத்தில் இருப்பதைக் கண்டேன். இரண்டுக்கும் இடையே ஏழு மதிப்பெண் இருந்தது. ஒரே தாள், ஒரே ஆசிரியை, ஒரே நாள். எதை ஏற்றுவது என்று அரைமணி நேரம் யோசித்து, கூடுதலாக இருந்ததை ஏற்றினேன். அந்தப் பிள்ளை யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இது என் ஒருத்தியின் பலவீனம் என்று நினைத்திருந்தேன். ஆனால் எட்ஜ்வொர்த் என்ற புள்ளியியலாளர் 1888ஆம் ஆண்டிலேயே, தேர்வாளர்களின் மதிப்பீட்டில் எவ்வளவு தற்செயல் கலந்திருக்கிறது என்று கணக்கிட்டுக் கட்டுரை எழுதியிருக்கிறார். 1912இல் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர், ஆங்கில விடைத்தாள்களைப் படியெடுத்து நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னபோது, ஒரே தாளுக்கு ஆசிரியர்கள் அளித்த மதிப்பெண்கள் 30 புள்ளிகளுக்கும் மேல் விலகி நின்றன. மொழிப்பாடம் என்பதால்தான் இப்படி என்று சிலர் சொல்லவே, மறு ஆண்டு வடிவகணிதத் தாளை அனுப்பினார்கள். இடைவெளி இன்னும் அகன்றது. விடை சரியாக இருந்தும் படிகள் குறைந்தால் என்ன செய்வது, படிகள் எல்லாம் சரியாக இருந்து விடை பிழைத்தால் என்ன செய்வது என்பதில் கணக்காசிரியர்கள் எங்களைவிடக் கடுமையாக வேறுபடுகிறார்கள்.

மனிதக் கை நடுங்குகிறது என்று இயந்திரத்திடம் கொடுத்தாலும் தீராது. 2020இல் பெருந்தொற்றால் தேர்வுகள் நடைபெறாமற்போனபோது, இங்கிலாந்தில் ஆசிரியர்கள் அளித்த மதிப்பீடுகளை ஒரு கணினி வழிமுறை திருத்தியது. மேல்நிலைத் தேர்வில் ஏறத்தாழ 40 விழுக்காடு மதிப்பீடுகள் கீழிறக்கப்பட்டன. ஆகஸ்டு 13இல் வெளியான முடிவு, மாணவர்களின் கொந்தளிப்புக்குப் பிறகு 17ஆம் தேதி கைவிடப்பட்டது. நான்கு நாட்களில் ஒரு தலைமுறையின் மதிப்பெண்கள் மாறின; அந்தப் பிள்ளைகளின் அறிவில் அந்த நான்கு நாட்களில் ஒன்றும் கூடவில்லை, குறையவும் இல்லை.

ஆகவே நெடுவழி தம்பி, அந்தக் கட்டத்தில் எழுதப்படும் எண்ணுக்குப் பின்னால் ஐந்தோ ஏழோ புள்ளிகளுக்கு யாருடைய கையோ இருக்கிறது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 80க்கும் 40க்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் உண்மையானது. 71க்கும் 68க்கும் உள்ள வேறுபாட்டை வைத்து ஒருவரை உள்ளே விட்டு மற்றவரை வெளியே நிறுத்துவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

எண்ணோட்டம்:

தாள்திருத்தி அம்மா எழுதியதை இரண்டு முறை படித்தேன். அந்தத் தற்செயலுக்கு வாழ்க்கையில் என்ன விலை என்று அளந்த ஆய்வே இருக்கிறது என்பதால் மறுபடியும் எழுதுகிறேன்.

இஸ்ரேலில் பள்ளி இறுதித் தேர்வுகள் பல நாட்களில் நடக்கின்றன. சில நாட்களில் மணற்புயலாலும் புகையாலும் காற்றில் நுண்துகள் மிகுந்துவிடும். எபன்ஸ்டைன், லாவி, ராத் ஆகிய மூவர் (நான் முன்பு சொன்ன ராத் வேறொருவர்) தேர்வு நாளின் காற்றுத் தூய்மையையும் மாணவர் பெற்ற மதிப்பெண்ணையும், பிறகு அதே மாணவர்கள் வளர்ந்து ஈட்டிய ஊதியத்தையும் இணைத்துப் பார்த்து, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். காற்று கெட்ட நாளில் தேர்வெழுதியவர்களின் மதிப்பெண் குறைந்தது. அதில் வியப்பில்லை, மூச்சு முட்டினால் மூளை எப்படி ஓடும்? வியப்பு என்னவென்றால், அவர்களுடைய மேற்படிப்பும், பல ஆண்டுகளுக்குப் பிந்தைய ஊதியமும்கூடக் குறைந்திருந்தன. அவர்கள் திறமை குறைந்தவர்கள் அல்லர். அன்று காற்று சரியில்லை, அவ்வளவுதான்.

இங்கிலாந்தில் மேச்சின், மெக்னாலி, ரூயிஸ்-வலென்சுவேலா ஆகியோர் 2020இல் வெளியிட்ட ஆய்வு, பதினாறு வயதில் எழுதும் ஆங்கிலத் தேர்வில், நல்ல தேர்ச்சியாகக் கருதப்பட்ட சி என்ற தரநிலையை மயிரிழையில் தவறவிட்டவர்களையும் மயிரிழையில் எட்டிப் பிடித்தவர்களையும் ஒப்பிட்டது. திறமையில் இவ்விரு சாராருக்கும் வேறுபாடு இல்லை என்றே கொள்ளலாம். ஆயினும் தவறவிட்டவர்களில், பதினெட்டு வயதுக்குள் படிப்பையே விட்டுவிடும் வாய்ப்பு சுமார் 4 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடியிருந்தது. மறுபுறம், டெக்சாஸில் பள்ளி இறுதிச் சான்றிதழ் பெறத் தேற வேண்டிய வெளியேறு தேர்வை இதே முறையில் ஆராய்ந்த கிளார்க், மார்ட்டொரெல் இருவரும், சான்றிதழைப் பெற்றவர்களுக்கும் மயிரிழையில் தவறவிட்டவர்களுக்கும் பிற்கால ஊதியத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை என்று 2014இல் எழுதினார்கள்.

முரண் போலத் தோன்றுகிறது. நான் இதை இப்படிப் புரிந்துகொள்கிறேன். மதிப்பெண் ஒரு மேற்படிப்பின் வாசலில் கேட்கப்படும்போது, அது கேட்கப்படுகிற அந்த ஒரு நாளில் முழு வலிமையோடு வேலை செய்கிறது. அங்கே அடைபட்ட கதவு பிறகு பல அறைகளை எட்ட முடியாமல் செய்துவிடுகிறது. கேட்பவர் இல்லாத இடத்தில் அது வெறும் தாள். ஆகவே மதிப்பெண் பொருட்டா என்ற கேள்வியை மனிதரிடம் கேட்பதைவிட வாசலிடம் கேட்பது பொருந்தும். நெடுவழி அவர்களே, நீங்கள் ஒரு வாசல்.

ஓர் இடைச்செருகல். மதிப்பெண் அறிவை மட்டும் அளக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1957இல் பள்ளியை முடித்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை முதுமை வரை பின்தொடர்ந்து வருகிறார்கள். நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) மிகுந்தவர்கள் நீண்டநாள் வாழ்கிறார்கள் என்பது பழைய செய்தி. ஹவுசர், பல்லோனி ஆகியோர் 2011இல் இந்தத் தரவைப் பிரித்துப் பார்த்தபோது, அந்த உறவு முழுவதையும் பள்ளி வகுப்பில் பெற்ற இடமே விளக்கிவிட்டது. நுண்ணறிவுக்கெனத் தனியாக ஒன்றும் மிஞ்சவில்லை. வேளாவேளைக்குப் பாடத்தை முடிப்பவர், வேளாவேளைக்கு மருந்தையும் உட்கொள்கிறார் போலும். ஆண்டு முழுவதும் வகுப்பில் சேரும் மதிப்பெண்ணில் இந்த ஒழுங்கு கலந்திருக்கிறது. மூன்று மணி நேரத் தேர்வில் அது குறைவாகத்தான் தெரியும்.

கூடத்தின்நடுவே:

இதுவரை பேசியவர்கள் எல்லாரும் குறைந்த மதிப்பெண்ணைப் பற்றியே கவலைப்பட்டீர்கள். நான் பள்ளி முழுவதும் முதலிடத்தில் இருந்தவள். என் அனுபவத்தையும் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பதினேழு வயது வரை நான் யார் என்று என்னைக் கேட்டால், "முதல் மாணவி" என்பதற்குமேல் விடை இருந்திருக்காது. பிறகு, எல்லாருமே தத்தம் பள்ளியில் முதல் மாணவர்களாக இருந்த ஒரு கல்லூரிக்குப் போனேன். முதற்பருவத்தில் நாற்பத்தோராம் இடம் வந்தது. பாடம் புரியாமல் இல்லை. ஆனால் வகுப்பில் கை தூக்கிக் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டேன். எனக்கு மிகவும் பிடித்த இயற்பியலை, அதில் என்னைவிடச் சிறந்தவர்கள் இருக்கிறார்கள் என்ற ஒரே காரணத்துக்காக விட்டுவிட்டு வேறு துறைக்கு மாறினேன். இப்போது நினைத்தால், அந்த நாற்பத்தொன்று என்ற எண் அதற்கு முந்தைய நூற்றுக்கணக்கான ஒன்றுகளைவிட என் வாழ்க்கையை அதிகம் திருப்பியிருக்கிறது.

மர்ஃபி, வைன்ஹார்ட் என்ற இருவரின் ஆய்வை அண்மையில் படித்தபோதுதான் இது எனக்கு மட்டும் நேர்ந்ததன்று என்று தெரிந்தது. இங்கிலாந்தில் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் தரவை ஆராய்ந்து 2020இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, ஒரே அளவு மதிப்பெண் பெற்ற இரு குழந்தைகளில், தொடக்கப் பள்ளியில் தன் வகுப்பில் முன்னிடத்தில் இருந்த குழந்தை, உயர்நிலைப் பள்ளியில், புதிய வகுப்புத் தோழர்களுக்கு நடுவே, கூடுதலாகச் சாதிக்கிறது. மதிப்பெண் ஒன்றுதான், சுற்றியிருந்தவர்கள் யார் என்பதுதான் வேறு. தன்னைப் பற்றிய நம்பிக்கை என்பது அந்த வயதில் பக்கத்து இருக்கையைப் பார்த்துத்தான் முளைக்கிறது.

முதலிடக்காரர்கள் உலகை ஆளப்போகிறார்கள் என்று நம்புகிறவர்களுக்கு இன்னொன்று. கேரன் ஆர்னால்ட் என்ற ஆய்வாளர், 1981இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலப் பள்ளிகளில் முன்னிலை இடங்களைப் பெற்ற 81 பேரை 14 ஆண்டுகள் பின்தொடர்ந்தார். பெரும்பாலோர் நன்றாகப் படித்து, நல்ல வேலையில், ஒழுங்கான வாழ்க்கையில் இருந்தார்கள். உலகைப் புரட்டிப் போடும் வேலையில் இறங்கியவர்களைத் தேட வேண்டியிருந்தது. சொன்னதைச் சொன்னபடி செய்வதில் தேர்ந்தவர்கள், சொல்லப்படாததைச் செய்வதில் தயங்குவார்கள். நான் என்னைப் பற்றித்தான் சொல்கிறேன்.

நிலைப்படி:

இங்கே எல்லாரும் அந்தக் கட்டத்தை எடுத்துவிடும் மனநிலைக்கு வந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. தயவுசெய்து சற்றுப் பொறுங்கள்.

என் பெற்றோர் இருவரும் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். எனக்குப் பரிந்துரைக் கடிதம் தர யாரும் இல்லை. நேர்காணலில் எப்படி உட்கார வேண்டும், கையை எங்கே வைத்துக்கொள்ள வேண்டும் என்றுகூட எனக்குச் சொல்லித்தர வீட்டில் ஆள் இல்லை. எனக்கு இருந்ததெல்லாம் ஒரு மதிப்பெண் பட்டியல்தான். பெயரை மறைத்துத் திருத்தப்பட்ட ஒரு தாளில், நான் யாருடைய மகன் என்று தெரியாத ஒருவர் போட்ட எண் அது. தாள்திருத்தி அம்மா சொன்ன அந்த ஏழு புள்ளித் தற்செயல் எனக்கும் நடந்திருக்கலாம். ஆனால் அந்தத் தற்செயலுக்கு என் குலமும் என் தந்தையின் தொழிலும் தெரியாது. எந்த நேர்காணலையும்விட அதை நான் நம்புவேன்.

சீனத்தில் பேரரசுத் தேர்வு முறை கி.பி. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேர்விட்டு, 1905இல் ஒழிக்கப்படும் வரை ஏறத்தாழ 1300 ஆண்டுகள் நடந்தது. அதில் குறைகள் ஏராளம். பெண்களுக்கு இடமே இல்லை, பல ஆண்டுகள் உட்கார்ந்து படிக்க வசதி வேண்டும், மனனமே பெரிதாகப் போயிற்று. ஆனாலும் தேர்வரின் கையெழுத்து அடையாளம் தெரியக்கூடாது என்று விடைத்தாளை எழுத்தர்களைக் கொண்டு வேறு தாளில் படியெடுத்த பின்பே திருத்தக் கொடுக்கும் வழக்கத்தை அவர்கள் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். பிறப்பைப் பார்க்காதே, தாளைப் பார் என்பதற்கு அவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள்.

மதிப்பெண்ணை எடுத்துவிட்டால் அந்த இடம் காலியாக இருக்காது. "யார் சொல்லி வந்தாய்?" என்ற கேள்வி அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். பட்டறை வைத்திருக்கும் கடைசிவரிசை ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது: உங்களிடம் இருக்கும் அந்த ஒன்பது பேரில் எத்தனை பேர் தெரிந்தவர்கள் மூலம் வந்தவர்கள்?

கடைசிவரிசை:

கோபம் இல்லை, தம்பி. கேள்வியைப் படித்துவிட்டு ஓர் இரவு சும்மா இருந்தேன். ஒன்பதில் எட்டுப் பேர்.

ஐன்ஸ்டைன் விஷயத்தில் என்னைத் திருத்திய எண்ணோட்டம் அவர்களுக்கும் நன்றி. இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். என் முதல் பதிவில் வீறாப்பாக எழுதிவிட்டேன். தேர்வில் தோற்ற ஆண்டு, நான் மிகவும் விரும்பிய ஒரு தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பிக்கவே முடியவில்லை. தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும் என்பது விதி. மூன்று ஆண்டுகளில் அங்கே கற்றிருக்கக் கூடியதை, பட்டறைகளில் எடுபிடியாக நின்று கற்க எனக்குப் பதினோரு ஆண்டுகள் ஆயின. மின்மாற்றி பற்றிய கணக்குகளை இன்றும் நான் ஊகமாகத்தான் போடுகிறேன். இன்று என்னிடம் யாரும் மதிப்பெண் கேட்பதில்லை என்பது உண்மை. கேட்ட இடத்தில் நான் வெளியே நின்றேன் என்பதும் உண்மை. அதைச் சொல்லாமல் விட்டது சரியில்லை.

ஆனால் ஆள் எடுக்கும்போது நான் செய்வது ஒன்று உண்டு. தெரிந்தவர் மூலம் வந்தாலும், கருகிய சுருள் ஒன்றைக் கையில் கொடுத்து, பிரித்து எண்ணி மறுபடி சுற்றச் சொல்வேன். சுற்று எண்ணிக்கையைத் தாளில் குறித்துக்கொள்கிறவனா, மனத்தில் வைத்துக்கொள்கிறவனா என்று பார்ப்பேன். குறித்துக்கொள்கிறவனைத்தான் எடுப்பேன்.

எண்ணோட்டம்:

கடைசிவரிசை ஐயா செய்வதற்கு ஆய்வுலகில் வேலைமாதிரித் தேர்வு என்று பெயர். ஷ்மிட், ஹன்டர் ஆகியோர் 85 ஆண்டு கால ஆய்வுகளைத் தொகுத்து 1998இல் வெளியிட்ட பட்டியலில், வேலைத்திறனை முன்கூட்டிச் சொல்வதில் இதுவே 0.54 என்ற மதிப்போடு முன்னணியில் இருந்தது. ஒருவர் எத்தனை ஆண்டுகள் படித்தார் என்பதற்கு வெறும் 0.10. சாக்கெட் குழுவினர் 2022இல் இந்த மதிப்புகளை மறுகணக்கிட்டு, வேலைமாதிரித் தேர்வை 0.33க்கு இறக்கினார்கள், எல்லாரிடமும் ஒரே கேள்விகளை ஒரே முறையில் கேட்டு மதிப்பிடும் ஒழுங்கமைந்த நேர்காணல் 0.42 பெற்று மேலே வந்தது. எண்கள் இறங்கினாலும், வேலையை வைத்தே வேலையை அளப்பது என்ற வழி கீழே விழுந்துவிடவில்லை.

நிலைப்படி அவர்களின் அச்சம் நியாயமானது. அதற்கு விடை இந்த "ஒரே கேள்விகள், ஒரே முறை" என்பதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். மனம்போன போக்கில் அரட்டை அடித்துவிட்டு ஆள் எடுக்கும் நேர்காணலைவிட மதிப்பெண் பட்டியல் நேர்மையானது. பெயரை மறைத்து மதிப்பிடும் வேலைத் தேர்வு அவ்விரண்டையும்விட நேர்மையானது.

மட்டுறுத்துநர்:

இரண்டு பதிவுகள் ஒரு குறிப்பிட்ட பள்ளியையும் ஆசிரியரையும் பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டியதால் நீக்கப்பட்டன. பிற பதிவுகள் அப்படியே இருக்கின்றன. பொருளில் நின்று பேசியமைக்கு நன்றி.

நெடுவழி:

எல்லாருக்கும் நன்றி. எண்ணோட்டம் அவர்கள் என்னை ஒரு வாசல் என்று எழுதியது மனத்தில் தைத்தது. அதனால் வாசலில் இதுவரை என்ன நடந்தது என்று பார்க்க, பழைய படிவக் கோப்புகளை எடுத்துப் புரட்டினேன். பாதிக்கும் மேற்பட்ட படிவங்களில் அந்தக் கட்டம் வெற்றாகவே இருக்கிறது. சிலர் கோடு இழுத்திருக்கிறார்கள். ஒருவர் "நினைவில்லை" என்று எழுதியிருக்கிறார். அவர்கள் எல்லாரும் வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள். அதாவது, கட்டத்தை வெற்றாக விடத் துணிந்தவர்களை நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை; நிரப்ப வேண்டும் என்று நினைத்துப் படிவத்தையே திருப்பித் தராமல் எழுந்து போனவர்கள் எத்தனை பேர் என்பதற்குக் கோப்பில் இடமில்லை.

கட்டத்தை முழுவதுமாக எடுத்துவிட மேலதிகாரி ஒப்பவில்லை. எதற்காக வேண்டும் என்று கேட்டதற்கு, "எப்போதும் இருந்தது" என்றார். நெடுநேரம் பேசி, படிப்பை முடித்து மூன்று ஆண்டுகள் ஆகாதவர்களுக்கு மட்டும், அதுவும் கடைசிப் பக்கத்தில், என்று குறைத்திருக்கிறோம். நிலைப்படி அவர்கள் எழுதியதைப் படித்த பிறகு, அதை அந்த இளையவர்களுக்காக விட்டுவைத்ததில் எனக்கும் மனக்குறை இல்லை. யாருடைய பரிந்துரை என்று கேட்கும் வரியை முற்றிலும் நீக்கிவிட்டேன். அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை, ஒருவேளை கவனிக்கவில்லையோ என்னவோ. இயந்திரப் பிரிவுக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே வரைபடத்தைக் கொடுத்து, இரண்டு மணி நேரத்தில் ஒரு தண்டைக் கடைந்து தரச் சொல்வது என்று முடிவாகியிருக்கிறது. தண்டின்மேல் பெயர் இருக்காது, எண் மட்டும்தான்.

தாள்திருத்தி:

நல்லது, தம்பி. அந்த நாற்பத்தாறு வயதுக்காரர் என்ன ஆனார்?

நெடுவழி:

இன்று வந்திருந்தார், அம்மா. வரைபடத்தை வாங்கிக்கொண்டு முதலில் கேட்டது, "அளவுகோல் உங்களுடையதா, என்னுடையதைப் பயன்படுத்தலாமா?" என்பதுதான். எல்லாருக்கும் ஒன்றே என்பதால் எங்களுடையதையே கொடுத்தேன். அவரோடு சேர்த்து ஐந்து பேர் கடைந்த தண்டுகளும் என் மேசைமேல் வரிசையாக இருக்கின்றன. எது யாருடையது என்று எனக்கே தெரியாது. நாளைக் காலை மேற்பார்வையாளர் வந்து அளந்து பார்ப்பார்.